அலமாரிக்குள் ஒரு முளைப்பாரி

இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவில் கட்டிய வலைத்தொட்டிலில் நந்தகோபால் மல்லாந்து கிடந்தார். முழங்கால் வரைக்கும் பூப்போட்ட டவுசர். மூக்கு வரைக்கும் இறக்கிவிட்ட தொப்பி. வயிற்றின் மேல் பாதி குடித்த இளநீர்.

"ஏலே ஹரி, நாளைக்கு ஊருக்குப் போயித்தான் ஆகணுமா?"

"கடைய யாருப்பா பாப்பா?"

"வெயிலுமுத்து பாத்துக்கிடுவான். மாடு என்ன நம்மளக் கேட்டா தின்னுது?"

கோவில்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிற மனுஷன் அந்தமான் ஹேவ்லாக் தீவில் என்ன செய்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கலாம். எல்லாம் புண்ணாக்கும் தவிடும் விற்ற புண்ணியம். கம்பெனி வைத்த இலக்கைத் தாண்டி விற்ற டீலர்களைக் குடும்பத்தோடு இந்த ரிசார்ட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். வந்த முதல் நாள் அவர் வேட்டியோடுதான் கடலில் இறங்கினார். வேட்டி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். அன்றைக்கு மகன் ஹரிகிருஷ்ணன் வாங்கிக் கொடுத்த டவுசர்தான் இது. இப்போது கழற்ற மனசில்லை.

இன்று கடைசி நாள். நாளைக் காலையில் கப்பல்.

சத்தியபாமா மட்டும் இன்னும் கடலில் காலை நனைக்கவில்லை. வந்ததிலிருந்து தலைவலி என்றாள். வெயில் ஆகவில்லை என்றாள். கரிசக்காட்டு வெயிலில் பருத்தி எடுத்து வளர்ந்தவளுக்கு வெயில் ஆகாதாம்! நந்தகோபால் அதையும் நம்பினார். நல்ல மனுஷன்.

நிஜமான காரணம் அறை அலமாரிக்குள் இருந்தது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மண்சட்டி. அதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த கரிசல் மண், இடித்த ஆட்டுப்புழுக்கை. மேலே பாசிப்பயறும் தட்டாம்பயறும் சோளமும் வெயில் முகம் பார்க்காமல் வெளிறிய மஞ்சளில் சாண் உயரத்துக்கு எழுந்து நின்றன. காளியம்மன் பங்குனிப் பொங்கலுக்கான முளைப்பாரி. சென்னை விமான நிலையத்தில் புழுக்கைப் பையைப் பிரித்த காவலரிடம், "மூட்டுவலிக்கு நாட்டு மருந்து சார்" என்று அவள் கூசாமல் சொன்னதையும், அவர் மோந்து பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றதையும் போன வாரம் பார்த்தோம். நந்தகோபால் அந்த நேரத்தில் கண்ணாடி வழியாக விமானத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை பாடு எதற்கு?

நாகலாபுரத்துக்குப் பக்கத்திலிருக்கிற அவர்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு சட்டிதான். நந்தகோபாலின் அண்ணன் மாயகிருஷ்ணன் இன்றைக்கும் ஆடு மேய்த்து, ராத்திரி வயலில் கிடை போடுகிறவர். தம்பி தன் பங்கு ஆடுகளை விற்றுவிட்டு டவுனுக்குப் போய்க் கடை வைத்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அண்ணன் மனைவி அழகுத்தாய்தான் வருஷாவருஷம் சட்டி எடுத்தாள். சத்தியபாமா கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள்.

இந்த வருஷம் அழகுத்தாயே ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். "நம்ம வீட்டுச் சட்டிய இந்தத் தடவ சத்தியா எடுக்கட்டும்."

நம்ம வீட்டுச் சட்டி! அந்த வார்த்தைக்கே சத்தியபாமா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரே சட்டி என்றால் இன்னும் ஒரே குடும்பம் என்றுதானே அர்த்தம்?

ஆனால் எடுக்கிறவள்தான் விதைக்க வேண்டும், அவள் கையால்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆண் கண் படக் கூடாது. கறி, மீன் என்று கவிச்சி ஆகவே ஆகாது. அதற்குள் டூர் டிக்கெட் வந்துவிட்டது. வரவில்லை என்றால் கணவர் முகம் சுருங்கிப்போகும். ஊரில் இல்லை என்றால் சட்டி கைமாறிவிடும். அதனால் டூர் போவதை அழகுத்தாயிடம் சொல்லவில்லை. சட்டி கூடவே வருவதைக் கணவரிடம் சொல்லவில்லை. "பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் தண்ணி தெளிச்சுக்கிடுவா" என்று முடித்துவிட்டாள். நந்தகோபால் வாயில் எந்த ரகசியமும் ஒரு பொழுது தங்காது.

இவ்வளவுதான் முன்கதை. இனி இன்றைக்கு நடந்தது.

காலையில் ஹரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"எம்மா, கண்ணாடிப் படகு! அடியில மீனெல்லாம் தெரியும். இன்னைக்கி விட்டா இனி எப்ப வரப் போறோம்?"

"எனக்குத் தலை வலிக்குய்யா."

"டெய்லி இதே சொல்லுதீங்க. வராட்டி நானும் போகல."

அவன் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவள் அலமாரியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். விடியற்காலையிலேயே தண்ணீர் தெளித்தாகிவிட்டது. ஒரு நடை போய் வந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. பாவி மனசு, அதற்கும் ஆசை இருக்காதா?

போனாள். நந்தகோபால் வலைத்தொட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். படகின் அடிக்கண்ணாடியில் முகத்தைப் பதித்தவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

"ஏலே இங்கன பாரு, இந்த மீனு! புதியம்புத்தூர்ல தீவாளிக்குத் தைக்கிற பாவாட கலருல்லா இருக்கு! அந்தா, அந்தா, குட்டியோட போகுது!"

அம்மா இப்படிச் சிரித்து ஹரி பார்த்ததே இல்லை. கேமராவில் மிச்சமிருந்த பிலிமையெல்லாம் அவள் முகத்துக்கே செலவழித்தான்.

திரும்பி வந்தபோது அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே பூச்சிமருந்து நெடி. தரை துடைத்து, கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அலமாரிக் கதவும் திறந்து கிடந்தது.

கீழ்த்தட்டு காலி. சட்டி இருந்த இடத்தில் ஒரே ஒரு செம்பருத்திப் பூ.

சத்தியபாமா கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"எம்மா, என்னாச்சும்மா?"

"சட்டியக் காணும்யா! தூக்கிப் போட்டுட்டு பூவ வச்சிட்டுப் போயிருக்காளுவ! நான் என்ன செய்வேன், ஆத்தா காளி, நான் என்ன செய்வேன்!"

"என்ன சட்டி?"

அந்த நேரம் பார்த்துத்தான் நந்தகோபால் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். மனைவி அழுவதைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டார். சத்தியபாமா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மண், புழுக்கை, பயறு, அலமாரி, வெள்ளைத்தாய் பேரில் சொன்ன பொய், எல்லாம்.

நந்தகோபாலுக்குக் கோபம்தான் வரும் என்று ஹரி பயந்தான். அவருக்கு வந்தது வேறு.

"ஏட்டி! முந்தா நாளு இந்த ரூம்லயே வச்சு நண்டு தின்னேனே!" இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டார்.

"அதனாலதான் அன்னைக்கி உங்கள வெளிய வலையில படுக்கச் சொன்னேன்."

"கொறட்டை விடுதேன்னுல்லா சொன்ன!"

"அதுவும் உண்மதான்."

ஹரிக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அடுத்த நிமிஷம் அப்பாவின் முகம் மாறியது. அவர் தன் வயிற்றை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஹரி... மத்தியானம் முளைச்ச பயிறுல வெங்காயம் எலுமிச்சை போட்டு ஒண்ணு வச்சிருந்தான். நல்லாருக்கேன்னு ரெண்டாந்தடவயும் வாங்கினேன்..."



"எப்பா! அம்மன் பயிறத் தின்னுட்டீங்களா?"

மூன்று பேரும் ஓடினார்கள். சமையற்கட்டில் தொப்பி போட்ட சமையல்காரர் பயந்துபோய் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே குட்டைக் குட்டையாய் வால் விட்ட பயறு. சத்தியபாமா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது நேத்து ஊறப் போட்டது. நம்மது சாண் உசரம்லா நிக்கும்!"

நந்தகோபால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். அவருக்குப் போன உயிர் வந்தது. ஆனால் சட்டி வரவில்லையே!

வரவேற்பில் சாமித்துரை இருந்தான். போர்ட்பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தான்.

"காலைல உங்க வரிசைக்குப் பூச்சிமருந்து அடிச்சாங்க அண்ணாச்சி. அந்தப் பக்கம் ரூம் சுத்தம் பண்றது புதனி அக்கா. வாங்க, கேப்போம்."

தோட்டத்துக்குப் பின்னால் படுக்கைவிரிப்புகள் அடுக்கிவைக்கிற அறை. ஜன்னலே இல்லாத அறை. வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண், சத்தியபாமாவைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பின்னாலேயே நுழையப் பார்த்த நந்தகோபாலின் நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டித் தடுத்தாள். ஹரிக்கும் அதேதான். சாமித்துரைக்கும் அதேதான்.

"பாஷை தெரியாட்டியும் இது தெரியுது பாருலே" என்றார் நந்தகோபால் வாசலில் நின்றபடி.

உள்ளே மூலையில் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போட்டிருந்தது. புதனி கூடையைத் தூக்கினாள்.

சட்டி! ஒரு தண்டு சாயவில்லை. ஒரு முனை கருகவில்லை. காலையில் பார்த்ததைவிட நல்ல மஞ்சளாய், ஒரு விரற்கடை உயரமாய், நிறைந்து நின்றது. குனிந்தவளுக்கு மஞ்சள் வாசனை அடித்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

புதனி இந்தியில் ஏதோ மடமடவென்று சொன்னாள். சாமித்துரை வெளியே நின்றே தமிழில் சொன்னான். "அவங்க ஆளுங்க ராஞ்சிப் பக்கமிருந்து காட்டு வேலைக்கு வந்தவங்க அக்கா. அவங்க திருவிழாவுக்கும் பொண்ணுங்க இதே மாதிரி இருட்டுல பயிறு வளர்த்து, மஞ்சத்தண்ணி தெளிப்பாங்களாம். அலமாரியத் தொறந்ததும் என்னன்னு தெரிஞ்சுபோச்சாம். மருந்து பட்டா கருகிருமேன்னு தூக்கிட்டு வந்துட்டாங்களாம். சும்மா எடுத்தா நீங்க பதறுவீங்கன்னு பூ வச்சாங்களாம்."

"பூவப் பாத்துத்தானே பதறினேன்!" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள் சத்தியபாமா. சாமித்துரை அதை மொழிபெயர்த்ததும் புதனி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சத்தியபாமாவுக்கு என்ன தோன்றியதோ, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். அந்தச் சின்ன அறையே கிணுகிணுத்தது. நீச்சல்குளத்தில் கிடந்த வெள்ளைக்காரத் தம்பதி ஈரம் சொட்டச் சொட்டக் கேமராவோடு ஓடிவந்தார்கள். நந்தகோபால் அவர்களை நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டித் தடுத்தார்.

சாயங்காலம் சத்தியபாமா கடலுக்கு வந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். திருச்செந்தூர் கடல் போல அடித்துப் புரட்டாத கடல் அது. தண்ணீர் கணுக்காலில் வந்து சும்மா நின்றது. கால் விரலெல்லாம் தெரிந்தது.

நந்தகோபால் பக்கத்தில் நின்றார்.

"நீ தண்ணிப் பக்கமே வராம இருந்தியா, எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சேன்ட்டி. இத்தன நாளும் சிரிச்சுக்கிட்டுத்தான் திரிஞ்சேன். உள்ளுக்குள்ள ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"உங்க மேல எனக்கு என்னைக்கிக் கோவம்?"

"தினமுந்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் மேல் ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தடவை தெளித்திருக்கிறாள். அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

"அக்கா! போன்! கோவில்பட்டியிலருந்து!" சாமித்துரை மணலில் ஓடிவந்தான்.

சத்தியபாமா ஈரக்காலோடு வரவேற்புக்கு ஓடினாள். கடலைப் பார்த்துத் திறந்த கூடம் அது. ஃபோனைக் காதில் வைத்ததும் அந்தப் பக்கம் கேட்டது அவள் எதிர்பார்க்காத குரல்.

"ஏட்டி சத்தியா. அழகுத்தாய் பேசுதேன்."

"அ... அக்கா! நல்லாருக்கீங்களா அக்கா? நான் இப்பத்தான் பயிறுக்குத் தண்ணி தெளிச்சிட்டு..."

"எங்க வச்சு?"

"வீட்டுல வச்சுதான்க்கா."

"வீடு பூட்டிக் கெடக்கு. வெள்ளைத்தாய்கிட்டக் கேட்டா திருதிருன்னு முழிக்கா. நான் உங்க கடையிலருந்துதான் பேசுதேன். நம்பரு போட்டுக் குடுத்தது வெயிலுமுத்து."

சத்தியபாமா கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் அலை ஒன்று வந்து போனது.

"அது என்ன சத்தம்?"

"கடலுக்கா." இனி மறைக்க என்ன இருக்கிறது? "அந்தமான்ல இருக்கோம். அவியளுக்குக் கம்பெனில குடுத்தாங்க. வரலன்னு சொல்ல மனசு வரல. உங்ககிட்டச் சொன்னா சட்டிய வேற கைக்கு மாத்திருவீங்கன்னு பயந்துட்டேன். ஊரு மண்ணு, கிடைப் புழுக்க எல்லாம் கட்டித் தூக்கிட்டு வந்து அலமாரிக்குள்ள வச்சு வளக்கேன். கவிச்சியத் தொடலக்கா. காளி மேல ஆணையா ஒரு வேள தண்ணி தப்பல. ஆனா இன்னைக்கி வேற ஒரு கை பட்டுருச்சு. அதையும் சொல்லிருதேன்."

"யாரு கை?"

"இங்கன ரூம் சுத்தம் பண்ணுத பொம்பள. அவிய ஊர்லயும் நம்மள மாதிரியே சாமிக்குப் பயிறு வளப்பாங்களாம். மருந்து பட்டுராம தூக்கிட்டுப் போயி, மஞ்சத்தண்ணி தெளிச்சு வச்சிருந்தா."

அந்தப் பக்கம் கடையில் எவனோ, "ரெண்டு மூட தவிடு போடுங்க அண்ணாச்சி" என்று கேட்பது மட்டும் கேட்டது. நந்தகோபாலும் ஹரியும் வாசலில் வந்து நின்றார்கள். சத்தியபாமா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்தால் முடிந்தது.

"பயிறு என்ன நெறத்துல இருக்கு?"

"மஞ்சளா இருக்குக்கா."

"சாயலயே?"

"ஒண்ணுகூடச் சாயல."

"அப்பம் அதுவும் நம்ம கைதான். அழாத."

சத்தியபாமா உடனே அழுதாள்.

"அழாதட்டின்னா! நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல. கேளு." அழகுத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "உன்ட்ட எடுன்னு சொல்லிவிட்டேனே தவிர, கை சும்மா இருக்கல. டவுனுக்காரி என்னத்த வளக்கப் போறான்னு நானும் ஒரு சட்டியப் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. சோளம் போடுத குலுக்கைக்குப் பின்னால மறச்சு வச்சிருக்கேன். இன்னைக்கிக் கோவில்பட்டிக்கு வந்ததே உன் பயிறு என் பயிற விட உசரமான்னு பாக்கத்தான்."

"அக்கா!"

"என்ன அக்கா நொக்கா? வீட்டுக்கு ரெண்டு சட்டி எடுத்தா ரெண்டு குடும்பம்னு ஊரே சொல்லிரும். எடுக்கப்போறது ஒண்ணுதான். மொதல்ல ஊர் வந்து சேரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். எது உசரமோ அது அம்மனுக்கு. உனக்குன்னு விட்டுக்குடுப்பேன்னு நெனைக்காத. நான் ஆட்டுக்காரி, என் புழுக்க புதுப் புழுக்க!"

ஃபோன் வைக்கப்பட்டது. கடைசியில் கேட்டது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"மதினி என்ன சொன்னாங்க?" என்று நந்தகோபால் பதறினார். "வேண்டாம்னுட்டாங்களா? அண்ணன்கிட்ட நான் வேணா பேசட்டுமா? ஏட்டி, எதுவாச்சும் சொல்லு!"

சத்தியபாமா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகனைப் பார்த்துத் திரும்பினாள். அவள் முகத்தில் இப்போது அழுகை இல்லை.

"ஏலே ஹரி, ஓடு. அந்தப் புதனி அக்கா வீட்டுக்குப் போகுமுன்ன பிடி. இன்னும் ஒரு செம்பு மஞ்சத்தண்ணி வேணும்னு கேளு."